கண்மாய்சுற்றியார்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு மாட்டுத்தாவணி ஆர்ச்சுக்கிட்ட நாலைந்து பேர் ஆளுக்கொரு சைக்கிளோடு நிற்பார்கள். ஆர்ச் இப்போது கிடையாது. 1981 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி எழுப்பிய நக்கீரர் தோரணவாயில் அது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று 2025இல் இடித்துவிட்டார்கள். இருந்தாலும் வாட்ஸப் குழுவில் 'ஆர்ச்கிட்ட வந்துருங்க' என்றுதான் போடுகிறார்கள், எல்லோரும் சரியான இடத்துக்கு வந்தும் சேர்கிறார்கள். மதுரைக்காரருக்கு வழி சொல்ல, இடித்த கட்டடத்தைப் போல உதவுகிற அடையாளம் வேறில்லை.

அந்த நாலைந்து பேரில் முன்னால் நிற்பவர்தான் கண்மாய்சுற்றியார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர். வங்கியிலோ கல்லூரியிலோ வேலை. 'சுகர் பார்டர்ல இருக்கு, தினம் நடங்க' என்று டாக்டர் சொன்னதை அவர் சைக்கிள் வாங்கச் சொன்னதாகப் புரிந்துகொண்டவர். பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை ஏற்றிப் போகிற டி.வி.எஸ். ஃபிப்டிக்காரர்கள், ஹெல்மெட்டும் தொடையை ஒட்டிய டவுசருமாக நிற்கும் இவரை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். சைக்கிளுக்கு எதற்கு ஹெல்மெட் என்பது அவர்கள் சந்தேகம். அந்த மூட்டையோடு எப்படி வண்டி நிற்கிறது என்பது இவர் சந்தேகம்.

இவரைக் கெடுத்தது தெப்பக்குளம். திருமலை நாயக்கர் சதுரமாகக் கட்டி வைத்துவிட்டுப் போன குளம். பக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி. நாலு பக்கமும் தெரு இருப்பதால் சைக்கிளை எடுத்த முதல் வாரத்திலேயே ஒருவர் மூன்று நாலு சுற்று வந்துவிடலாம். வழியில் பருத்திப்பாலும் கிடைக்கும். அங்கேதான் அவருக்கு ஒரு கொள்கை உண்டாயிற்று: தண்ணீர் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றி வர வழியும் இருக்கும். வண்டியூர் கண்மாய்க் கரையில் சைக்கிள் பாதை என்று தனியாகவே போட்டாகிவிட்டது. ஆனால் கொள்கை முற்றிய பிறகு அதெல்லாம் அவருக்குக் காணாது. "அது ஃபேமிலி ரூட் சார்" என்று ஒதுக்கிவிடுவார்.

கொள்கைக்கு உரம் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே பீவா ஏரியை ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். 'பீவாஇச்சி' என்று அதற்குப் பெயர். 2019இல் அந்த நாட்டு அரசாங்கமே அதைத் தேசிய சைக்கிள் பாதைகளில் ஒன்றாக அறிவித்தது. நம்மைப் போல அங்கும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் ஓடும் என்பதால், ஏரி இடதுகைப் பக்கம் வருகிற மாதிரி சுற்றச் சொல்கிறார்கள். தண்ணீருக்கும் சைக்கிளுக்கும் நடுவே லாரி வராது. இந்தப் பாடத்தைச் சுற்றியார் மனப்பாடமாக ஒப்பிப்பார். திருமோகூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் அப்படி ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா குறுக்கிட்டார்.

"ஏய்யா, இந்தக் கரையில அய்யனாரு உக்காந்திருக்காரு. சாமிய வச்சுக்கிட்டு யாராச்சும் எடமாச் சுத்துவாகளா? வலமாச் சுத்துய்யா."

ஜப்பானா அய்யனாரா என்ற கேள்விக்குச் சுற்றியார் கொஞ்ச நேரம் யோசித்தார். கடைசியில் இறங்கி, சைக்கிளைத் திருப்பி, வலமாகவே மிதித்தார். முக்கால் கிலோமீட்டர் போனதும் கரை முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வலமும் இல்லை, இடமும் இல்லை.

இதுதான் அவர் தலையெழுத்து. நம் கண்மாய் சுற்றுவதற்காக வெட்டியது அல்ல. நிலம் சரிகிற பள்ளத்துப் பக்கம் மட்டும் வளைத்து மண்கரை போட்டிருப்பார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். வரத்துக்கால் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். கரையில் மடை இருக்கும், ஓரத்தில் கலுங்கு இருக்கும்; நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் போகும். உள்வாய்ப் பக்கம் கரையும் இல்லை, தடமும் இல்லை. தண்ணீர் எங்கே முடிந்து புஞ்சை எங்கே தொடங்குகிறது என்பது அந்த வருஷத்து மழையைப் பொறுத்தது. ஆனி மாதம் சைக்கிள் போன இடத்தில் கார்த்திகையில் முக்குளிப்பான் நீந்தும். ஆக, வட்டம் போடக் கிளம்பிய சுற்றியார் ஒவ்வொரு வாரமும் பிறை போட்டுத் திரும்புகிறார். சைக்கிள்காரர்களின் ஸ்ட்ராவா செயலியில் அந்தப் படத்தை ஏற்றி, 'ஹாஃப் மூன் ரைடு' என்று பெயரும் வைத்துவிடுகிறார். எழுபது பேர் கட்டைவிரல் தூக்குகிறார்கள்.

கரைப்பயணத்தில் அவரை வெல்லக்கூடியது சீமைக்கருவேல முள் ஒன்றுதான். கரை நெடுகக் கிடக்கும். பஞ்சர் ஆனால் பக்கத்து ஊர்க் கடையில் இருக்கிற பம்பு இவர் வால்வுக்குப் பொருந்தாது. கடைக்காரர் ட்யூபைத் தடவிப் பார்த்து, "இது நம்ம ஊரு காத்தை ஏத்துக்குமாண்ணே?" என்று கேட்பார். அதே நேரம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளில், பின்னால் புல்லுக்கட்டு, முன்னால் தம்பி என்று ஒரு பெண்பிள்ளை அதே முள்ளின் மேல் ஏறி இறங்கி மணியடித்துவிட்டுப் போகும்.

சைக்கிளுக்கு மூன்று விலை உண்டு. குழுவில் சொல்வது ஒன்று. வீட்டில் சொன்னது அதில் நாலில் ஒரு பங்கு. டீக்கடையில் யாராவது கேட்டால், "ரொம்ப இல்லண்ணே" என்பது மூன்றாவது. டீக்கடைப் பெஞ்சு அதோடு விடாது.

"ஸ்டாண்டு எங்க?"

"இதுல வராதுண்ணே."

"கேரியரு?"

"அதுவும் வராது."

"மக்காடு?"

"வெயிட் கூடிரும்னு..."

"இம்புட்டுத் துட்டு வாங்கிட்டு ஒண்ணையும் மாட்டாம அனுப்பிருக்கான். நீங்களும் கேக்காம வந்துருக்கீங்க."

சட்டை விஷயமும் அப்படித்தான். நெஞ்சில் பை கிடையாது, முதுகுக்குக் கீழே மூன்று பை. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு தரம் நடந்தால் மூன்றும் காலியாகிவிடும். கண்மாய்க் கரையில் ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் அவருக்கு அந்தச் சட்டை நிலைத்திருக்கிறது. அதில் நெஞ்சு, முதுகு, கை என்று எங்கும் ஏதேதோ வெளிநாட்டுக் கம்பெனிகளின் பெயர். ஒருவரும் இவருக்குப் பைசா தந்ததில்லை. இவர்தான் தந்து வாங்கிப் போட்டிருக்கிறார்.

அந்தச் சட்டையோடு அரிட்டாபட்டிக்குப் போனதுதான் வம்பாயிற்று. ஒத்தக்கடை தாண்டி, யானைமலையைப் பின்னால் விட்டு, மேலூர்ச் சாலையிலிருந்து மேற்கே உள்ளே போக வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்த ஊர். ஏழு மலை, 72 நீர்நிலை, 200 சுனை என்பது அரசுக் கணக்கு. எழுபத்திரண்டு என்ற எண்ணைப் படித்த அன்றைக்கே சுற்றியாருக்குத் தூக்கம் போய்விட்டது. எழுபத்திரண்டு பிறை!

ஆனால் 2024 கடைசியில் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டுக் கொதித்துப் போயிருந்தன. அடுத்த ஜனவரியில் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அதன்பிறகு வெளியாள் கையில் ஒரு கருவி இருந்தால் ஊர் சும்மா விடுமா? ஆனைகொண்டான் கண்மாய்ப் பக்கம் நின்று, ஹேண்டில்பாரில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்து, "நூத்தி எழுபது மீட்டர்" என்று சுற்றியார் உரக்கச் சொன்னார். கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

"எந்தக் கம்பெனி நீங்க?"

"கம்பெனியெல்லாம் இல்லைங்கய்யா. சும்மா சைக்கிள்ல வந்தோம்."

"சட்டை பூராக் கம்பெனி பேரு எழுதியிருக்கு, இல்லைங்குறீக. அந்த டப்பா என்னத்த அளக்குது?"

"உயரம்ங்கய்யா. மலை ஏறி இறங்குறதையெல்லாம்..."

"மலைய அளக்குறீகளா?"

அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பீவா ஏரி, ஸ்ட்ராவா, சராசரி வேகம் என்று சுற்றியார் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் கூடியது. கடைசியில் தொண்டை வறண்டு, "டாக்டர் சுகர்னு சொல்லிட்டாருங்கய்யா" என்றார்.

கூட்டம் அப்படியே இளகிவிட்டது. "அட, அத மொதல்ல சொல்றதுக்கென்ன!" என்றார் பெரியவர். "எனக்கு இப்ப முன்னூறு. உங்களுக்கு எம்புட்டு?" சுற்றியார் தன் எண்ணைச் சொன்னார். அது குறைவென்று கூட்டம் ஆறுதல் சொன்னது. ஆவாரம்பூவை எப்படிக் காய வைப்பது என்று ஒருவர் விளக்கினார். சர்க்கரை போடாத மோர் வந்தது. மோரில் யாரும் சர்க்கரை போடுவதில்லை. ஆனாலும் அதைச் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் சித்திரை மாதம் பெரியவர் போன் போட்டு, சொந்தக்காரர் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா, வாங்க என்றார். மேலூர் வட்டாரத்தில் அறுப்பு முடிந்து தண்ணீர் வற்றும்போது நடக்கும். ஊர் முக்கியஸ்தர் கரையில் நின்று துண்டை வீசியதும், ஊத்தா, வலை, கொசுவலை, பழைய சேலை என்று கிடைத்ததோடு அக்கம்பக்கத்து ஊர்ச்சனம் மொத்தமும் கண்மாய்க்குள் இறங்கும். சுற்றியாரும் இறங்கினார். தண்ணீர் முழங்காலளவு, சேறு அதற்கு மேல். அன்றைக்கு மட்டும் அவருக்குச் சுற்றுகிற நினைப்பே வரவில்லை. மீன் எதுவும் அவர் கையில் நிற்கவில்லை என்பதால் பெரியவரே தன் பங்கிலிருந்து கெளுத்தியும் ஜிலேபியும் ஒரு விராலும் எடுத்துக் கொடுத்தார்.

கேரியர் இல்லை. ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் முழங்கால் இடிக்கிறது. யோசித்துப் பார்த்து, கெளுத்தி ஒரு பையிலும் ஜிலேபி ஒரு பையிலுமாக முதுகுப் பைகளில் பிரித்துப் போட்டார். நடுப்பையில் விரால், வால் மட்டும் வெளியே.

ஒத்தக்கடை நாய்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தன என்று தெரியவில்லை. முதலில் இரண்டு வந்தன, உத்தங்குடி வருவதற்குள் ஏழெட்டு ஆகிவிட்டன. அன்று சுற்றியார் மாட்டுத்தாவணி வந்து சேர்ந்த வேகத்தை அந்தக் குழுவில் இதுவரை யாரும் தொடவில்லை. எப்படி சார் என்று கேட்டவர்களிடம் புது டயர் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் அதே டயருக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள்.