சாயப் பாத்திரமும் சாம்பார்ப் பாத்திரமும்: ஒரு திணைமயக்க ஆய்வு

இயற்கைச் சாயம் பற்றிய நூல்களுக்குக் குறைவில்லை. சாயம் காய்ச்சிய பாத்திரத்தைப் பிறகு யார் தேய்த்தார் என்ற கேள்விக்கு மட்டும் அவற்றில் விடை இல்லை. கேர்தூ என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார், சோழமண்டலக் கரையில் துணிக்கு வண்ணம் ஏற்றும் முறையை 1742இல் நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காய் எவ்வளவு, எருமைப்பால் எப்போது, வெயில் எத்தனை முறை என்று அத்தனையும் அதில் வருகின்றன. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் ஒரு துணிக்குச் சாயம் போட்டுவிடலாம். அன்று மதியம் அந்தச் சாயக்காரர் வீட்டில் உலை வைத்தது யார், எந்தப் பாத்திரத்தில் வைத்தார் என்பதை மட்டும் அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. முந்நூறு ஆண்டுகளை நெருங்கும் இந்த இடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக் களம் சென்னை நங்கநல்லூரில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடி. இரண்டு படுக்கையறை, ஒரு பால்கனி, பொது மொட்டை மாடி. ஆய்வுக்குரியவர் கலம்காரியும் இயற்கைச் சாயமும் வீட்டிலேயே செய்யும் துணிக் கலைஞர். அவரைக் ‘கலைஞர்’ என்று எழுதினால் தமிழ்நாட்டில் பொருள் வேறாகிவிடும். அக மரபில் பெயர் சுட்டுவதும் தகாது. ஆகவே இனி அவர் ‘தலைவி’. ஆய்வாளர் அவரை மணந்தவர் என்பதால் களத்தில் தங்கச் செலவில்லை. ராத்திரிப் பாத்திரம் தேய்க்கும் முறை ஆய்வாளருடையது என்பதால் தரவுகள் கைக்கு நேரடியாக வந்து சேர்ந்தன. ஆய்வாளரின் தாயாரும் களத்தில் வசிக்கிறார். அகப்பாடலில் பேசுவதற்கு உரிமை உள்ளவர்கள் பட்டியலில் மாமியார் என்று ஒருவர் இல்லை. இலக்கணம் வகுத்தவர்கள் எதையோ யோசித்துத்தான் விட்டிருக்கிறார்கள். இங்கே அவரைச் ‘செவிலித்தாய்’ என்று கொள்க.

மருதத்திலிருந்து தொடங்குவோம். மருதமாவது சமையலறையும் அதைச் சார்ந்த இடமும். பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். வயல் நிலத்தில் ஊடலுக்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. இங்கே காரணம் அடுப்பின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அது ஓர் எவர்சில்வர் அண்டா, விளிம்பில் செவிலித்தாயின் பெயரும் கல்யாணத் தேதியும் பொறித்தது. இரும்புச் சட்டியில் காய்ச்சினால் சாயம் கறுத்துப்போகும். அலுமினியம், பித்தளை, தாமிரம் ஒவ்வொன்றும் நிறத்தைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கும். எவர்சில்வர் மட்டும்தான் எதிலும் தலையிடாது. அதாவது, ஒரு தமிழ்க் குடும்பத்தில் சீர்வரிசையாக வந்த பாத்திரம் எதுவோ அதுவே சாயத்துக்கு மிகவும் ஏற்றதாக இருக்கிறது. வேதியியல் வேண்டுமென்றே செய்த சதியாகவே இது படுகிறது.

திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம், நிலங்கள் மயங்குவதற்கில்லை என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. செவிலித்தாய் இதையே எளிய நடையில் சொல்வார்: “சாயத்த நீ எங்க வேணா காய்ச்சிக்கோ. என் அண்டாவுல காய்ச்சாத.”

தலைவி இவ்விதியை ஏற்றுக்கொண்டவர். படிகாரமும் அன்னபேதியும் பட்ட பாத்திரம் மறுபடி சமையலுக்குத் திரும்பக் கூடாது என்பதில் அவர் செவிலித்தாயைவிடக் கறார். மயில்துத்தம் விஷம் என்பதால் வாசற்படி தாண்டவே விடுவதில்லை. சாயப் பாத்திரங்களின் காதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார், கரண்டிகளுக்கும் அப்படியே. சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. நூல் கட்டிய பாத்திரங்கள் பெருகப் பெருக, கட்டாத பாத்திரங்கள் குறைந்தன. இட்லிப் பானை இன்னும் எந்தப் பக்கமும் சாயாமல் நடுநிலை வகிக்கிறது.

வாசனையாலும் மயக்கம் நேரும். காய்கறிக் கடையில் வெங்காய மூட்டையைச் சுற்றிக் கிடக்கும் சருகைக் கூட்டி அள்ளிக் காசில்லாமல் கொடுப்பார்கள். அதைக் கொதிக்கவைத்தால் படிகாரம் ஏற்றிய துணியில் நல்ல பொன்பழுப்பு நிறம் இறங்கும். கொதிக்கும்போது வீடு முழுக்கச் சமையல் மணம். ஒரு காலையில் பதிவான உரையாடல்:

“ஏம்மா, வெங்காய சாம்பாரா?”

“இல்ல அத்தை, சாயம்.”

“அப்ப சாம்பார் எங்க?”

“வைக்கணும் அத்தை.”

இந்த நான்கு வரியில் உள்ள ஊடலை விளக்கத் தனி உரை தேவையில்லை.

மூலப்பொருள் கொள்முதல் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பருத்தி லேசில் நிறத்தைப் பிடித்துக்கொள்ளாது. கடுக்காயின் துவர்ப்பு பருத்தியைப் பற்றும். அந்தத் துவர்ப்பைப் படிகாரம் பற்றும். படிகாரத்தை நிறம் பற்றும். ஆகவே ஆதியில் இருப்பது கடுக்காய். அது கிடைப்பது நாட்டு மருந்துக் கடையில். அங்கே வாங்குகிறவர்கள் கேட்பது ஐம்பது கிராம், நூறு கிராம், வயிற்றுக்கு. தலைவி இரண்டு கிலோ கேட்டார். கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார்.

“யாருக்கும்மா?”

“துணிக்குங்க.”

அவர் தலைவியைப் பார்த்தார், பின்னால் நின்ற ஆய்வாளரைப் பார்த்தார், யாருக்கு என்று தமக்குள் ஒரு முடிவுக்கு வந்தார். பொட்டலத்தை ஆய்வாளர் கையில் கொடுத்து, “கொட்டையை எடுத்துட்டுச் சாப்பிடுங்க சார்” என்றார், கனிவாக.

பால் பிரச்சினை இதைவிட நுட்பமானது. கலம்காரியில் பேனாவால் கோடு இழுக்கும்போது மை பரவாமல் இருக்க, கடுக்காய் கலந்த எருமைப்பாலில் துணியை நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்புதான் கோட்டைக் கட்டிப்போடுகிறது. நங்கநல்லூரில் எருமையைப் பார்த்து நாளாகிறது என்பதால் ஆவினின் ஆரஞ்சு பாக்கெட். அதில் கொழுப்பு 6 சதவீதம், எருமைப்பாலில் அதைவிடக் கொஞ்சம் கூட. காலையில் வந்த பாலைக் காப்பிக்குக் கொடுப்பதா, கோட்டுக்குக் கொடுப்பதா என்ற வழக்கில் ஒருசாரார் (செவிலித்தாய், ஆய்வாளர்) காப்பி என்பர். தலைவி தனிச் சார். தீர்ப்பு இதுவரை தனிச் சாரின் பக்கமே போயிருக்கிறது. காய்ந்த பால்துணியின் வாடையை இக்கட்டுரை வருணிக்காது. தெருப்பூனை ஒன்று மூன்று மாடி ஏறி வந்து அதற்கு விமர்சனம் எழுதிவிட்டுப் போயிற்று.

நெய்தல் குளியலறை. இரங்கல் அதன் உரிப்பொருள், குறிப்பாகக் காலையில் அலுவலகம் கிளம்புகிறவருடையது. சாயத் துணியை ஓடும் நீரில் அலச வேண்டும் என்பது மரபு. காளஹஸ்திக்காரர்களுக்குச் சுவர்ணமுகி ஆறு இருக்கிறது. கும்பகோணம் பக்கத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டைக்காரர்களுக்குக் காவிரி. ‘ஓடும் நீர்’ என்பதற்கு நங்கநல்லூர் உரை, மோட்டார் போட்ட பிறகு அரைமணி நேரம் குழாயில் வருவது. அதிலும் போர் தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் மஞ்சள் நிறம் முகம் வாடிவிடும் என்பதால் முக்கியமான துணிக்கு லாரித் தண்ணீர். குடிப்பதற்கு அதில் மிச்சம் இருந்தால் இருக்கும்.

மொட்டை மாடி காலையில் உயரத்தால் குறிஞ்சி, நண்பகலில் வெயிலால் பாலை. குறிஞ்சி வறண்டு பாலையாவதைப் படித்தவர்கள் உண்டு. சித்திரையில் பதினொரு மணிக்கு எங்கள் மாடியில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாலையின் உரிப்பொருள் பிரிதல். தலைவி துணியை விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே நிற்பார், குடும்பம் கீழே. சாணநீரில் ஊறவைத்து வெளுப்பதுதான் பழைய முறை. அதை அடுக்ககச் சங்கத்தின் பொதுக்குழுவில் வைக்கும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. ஏற்கெனவே மழைநீர்க் குழாயில் நீலத் தண்ணீர் போகிறது என்று செயலாளர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார்.

இனி இரும்பு. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கடுக்காய் ஏற்றிய துணி பார்வைக்கு வெளிர்மஞ்சள், சாது. இரும்பின் ஈரம் பட்ட இடத்தில் அது கருகருவென்று மாறிவிடும். கலம்காரியின் கறுப்பே துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் பல நாள் ஊறப்போட்டு எடுக்கும் சாறுதான். ஒரு மாலை தூறல் போட்டது. தலைவி வெளியே போயிருந்தார். செவிலித்தாய், மருமகள் பாடுபட்ட துணி நனைந்துவிடக் கூடாதென்று மாடியிலிருந்து ஓடி ஓடி எடுத்துவந்து, பால்கனியின் கம்பி கிரில் மேல் பரிவோடு விரித்தார். பெயின்ட் உதிர்ந்த கிரில். மறுநாள் துணியை எடுத்தபோது, ஐந்தரை மீட்டரிலும் கிரிலின் கட்டம் ஒன்றுவிடாமல் அச்சாகியிருந்தது. வெல்டிங் வைத்த முடிச்சுகள்கூட வட்டவட்டமாக விழுந்திருந்தன. வீட்டுக்கு வந்தவர்கள் “இதுவே ஒரு டிசைனா இருக்கே” என்றார்கள். தலைவி ஒப்பவில்லை. கோடு தான் இழுத்தால்தான் கோடு என்பது அவர் கட்சி. துணி எட்டாகக் கிழிக்கப்பட்டு இப்போது ஃபேன் துடைக்கிறது. அந்தக் கறை போகாது. பழங்காலத்து எழுத்து மைகள் பலவும் இதே துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த சேர்க்கைதான்.

இதுவரை சொன்னவை நிலம் பற்றியவை. முதற்பொருளில் மற்றொரு பாதி பொழுது. இக்கட்டுரை எழுதப்பட்டதே அதற்காகத்தான். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். எங்கள் பால்கனியில் மூடி போட்ட நீல டிரம் ஒன்று இருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் விளையும் அவுரியிலிருந்து எடுத்த நீலக்கட்டியைப் பொடித்து, சுண்ணாம்பும் வெல்லமும் வேகவைத்த தகரை விதையும் சேர்த்து நொதிக்கவிட்டது. மூடியைத் திறந்தால் வரும் நாற்றத்தை எதிர்வீட்டார் கண்ணியமாகத் தாங்கிக்கொள்கிறார்கள். தாமிர நிறத்தில் மேலே நுரை கட்டினால் தொட்டி பக்குவம். முக்கி எடுத்த துணி பச்சையும் மஞ்சளுமாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். அந்தச் சில நிமிடங்களுக்காகத் தொட்டியை நாள்தோறும் கலக்கி, சூடு பார்த்து, கைக்குழந்தையை வைத்திருப்பதுபோல வைத்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது. போன கல்யாணத்தில் தலைவியின் நகங்கள் பத்தும் நீலம், பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, “இதயத்துல ஏதாவது பிரச்சினையாம்மா?” என்று மெல்லக் கேட்டார்.

ஆக, சாயக்காரரின் நாளில் பெரும்பகுதி காத்திருத்தல். கடுக்காயில் ஊற வேண்டும், காய வேண்டும், படிகாரம் ஏற வேண்டும், மறுபடி காய வேண்டும். இருக்கிறவர் சும்மா இருப்பதாகவே வெளியே தெரியும். அடுக்ககத்தில் இது எப்படியோ பரவிவிட்டது. மூன்று மாடிக்கும் உரிய கூரியர் எங்கள் வீட்டில் இறங்குகிறது. எதிர்வீட்டுச் சிலிண்டர், இரண்டாம் மாடியின் பிளம்பர், கீழ்வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சாவி. “நீங்க வீட்லதானே இருப்பீங்க” என்பது இங்கே ஒரு முகவரி. கலம்காரியில் படிநிலைகள் பதினேழு என்பாரும் உளர், இருபத்துமூன்று என்பாரும் உளர். இரு சாராரும் காலிங் பெல்லைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மேனாட்டு ஒப்பீடு ஒன்று இல்லாமல் ஆய்வு நிறைவுறாது. வில்லியம் மாரிஸ் என்ற ஆங்கிலேயர் 1879இல் லண்டன் ஹாமர்ஸ்மித் வீட்டில் தம் படுக்கையறையிலேயே தறி போட்டு ஒரு திரைச்சீலை நெய்தார். 516 மணி நேரம் ஆயிற்று என்று நாட்குறிப்பில் கணக்கு வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால், 1856இல், பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின் ஈஸ்டர் விடுமுறையில் கிழக்கு லண்டனில் தம் வீட்டு ஆய்வுக்கூடத்தில் மலேரியாவுக்குக் கொய்னா செய்யப் புறப்பட்டு, ஊதாச் சாயத்தில் போய் முடிந்தார். செயற்கைச் சாயத் தொழில் முழுவதும் அங்கிருந்து கிளம்பியதுதான். 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இங்கே அவுரி வயல்கள் சுருங்கின. இரண்டு வில்லியம்களும் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள். இருவரையும் யாரும் கூரியர் வாங்கச் சொன்னதாக வரலாறு இல்லை. ஒருவருக்கு 516 மணியையும் எண்ணி எழுத முடிகிறது என்றால், நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கவில்லை என்றுதான் பொருள். தலைவியிடம் ஒரு புடவைக்கு எத்தனை மணி நேரம் என்று ஆய்வாளர் கேட்டார். “எதைக் கழிச்சுட்டு?” என்றார்.

அந்தக் கேள்விக்கு விலை உண்டு என்பது ஒரு கண்காட்சியில் தெரிந்தது. மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபம், மேசைக்கு இவ்வளவு என்று வாடகை. ஓர் அம்மாள் மஞ்சள் புடவையை எடுத்தார்.

“மஞ்சத்தூள்தானே இது?”

“இல்லைங்க, துலுக்கச் சாமந்தியும் மாதுளை ஓடும். மஞ்சத்தூள் வெயில்ல வெளுத்துடும்.”

“மெஷின்ல போடலாமா?”

“கையால அலசுனா நல்லது.”

“வீட்லயே பண்றதுதானேம்மா, கடை வாடகை இல்ல, ஆள் கூலி இல்ல. கொஞ்சம் பாத்துப் போடு.”

தலைவி இருநூறு ரூபாய் குறைத்தார். இந்த இருநூறு ரூபாயை எந்தத் திணையில் அடக்குவது என்று ஆய்வாளர் வீடு திரும்பி விவாதத்தைத் தொடங்கினார். செவிலித்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தார். அதே அண்டாவில்.

“இருநூறா? எதுக்குக் குறைச்ச?” என்றார் மருமகளிடம். “என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா ஐந்நூறு ஏத்தியிருப்பேன். அடுத்த தடவை நான் வர்றேன்.”