எண்கோண முத்திரை வாழ்க!

இங்கிலாந்துக்காரரின் தேசபக்தியை மெச்சத்தான் வேண்டும். வாங்கினால் 1924இல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த எம்ஜி கார்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். 2005இல் கம்பெனி திவாலாகிச் சீனர் கைக்குப் போனதெல்லாம் ஒரு குறையா? அதன் லாங்பிரிட்ஜ் ஆலையில் 2016இல் கார் தயாரிப்பதை நிறுத்தியதும் நல்லதே. ஆலையே ஓடாவிட்டால் வேலைநிறுத்தம் ஏது? கப்பலிலிருந்து இறங்கும் எம்ஜி4இன் மூக்கில் அதே எண்கோண முத்திரை, போதாதா? கம்யூனிசம் என்றாலே முகம் சுளிப்பவர், ஷாங்காய் அரசு நிறுவனத்தின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி பாரம்பரியம் பேசுகிறார்.

பக்கத்து வீட்டுக்காரரின் நிஸான் கஷ்காயைக் கண்டால்தான் இவருக்கு வயிறு எரிகிறது. எத்தனை அந்நிய மோகம்! அது இங்கிலாந்தின் சண்டர்லாந்திலேயே செய்ததாம். செய்தால் என்ன? பேர் ஜப்பான் பேராயிற்றே!