இன்னும் அரைச் சுற்று

எங்கள் மாமா மூடிய குழாயை அவரேதான் வந்து திறக்க வேண்டும். ஊறுகாய் ஜாடி, குக்கர் கைப்பிடி, மூக்குக்கண்ணாடித் திருகு, எதுவானாலும் கை நின்ற இடத்தில் மனசு நிற்காது. "இன்னும் அரைச் சுத்து வாங்கும் பாருங்க" என்று பல்லைக் கடிப்பார். அந்த அரைச் சுற்றில்தான் வாஷர் பிதுங்கும், திருகின் தலை வழுக்கும், வீட்டில் அன்றைக்கு யாருக்கும் ஊறுகாய் கிடையாது.

இந்த ரகத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்து மைத்துனன் வீட்டுக்கு வருவார்கள். வாசலில் மாருதி 800 நின்றால் வேட்டி தானாக மடிந்துகொள்ளும். மூன்று சிலிண்டர், மூன்று பிளக். 1983-ல் வந்து 2014-ல் தயாரிப்பு நின்றுபோன அந்த வண்டியில் கை வைக்காத மாமா கோயமுத்தூரில் உண்டா?

"மாப்ளே, வண்டி மிஸ் அடிக்குது. பிளக்கைக் கழட்டித் தொடச்சுப் போட்டா சும்மா பறக்கும்."

"மெக்கானிக்கைக் கூப்பிட்டுக்கலாம் மாமா."

"ஜி.டி. நாயுடு எந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாரு?"

இதற்கு மேல் எங்கள் ஊர்க்காரன் எவனும் வாய் திறக்க முடியாது.

கழற்றுவது, உப்புத்தாளில் தேய்ப்பது, ஊதுவது, நெற்றியில் கரி பூசிக்கொள்வது எல்லாம் மங்களமாக நடக்கும். திரும்பப் போடும்போதுதான் வினை. பிளக்கின் மரை எஃகு. அது இறங்க வேண்டிய ஹெட் அலுமினியம். பிளக் கொஞ்சம் சாய்ந்து இறங்கினாலும் எஃகு தனக்கென்று புது வழி வெட்டிக்கொண்டு போகும். அலுமினியம் விட்டுக்கொடுத்துவிடும், எங்கள் அக்கா மாதிரி. (பொதுவாகச் சொல்கிறேன். யாரையும் குறிப்பிடவில்லை.)

அதனால்தான் பட்டறைப் பையன்கள் முதலில் ஸ்பேனரைத் தொடவே மாட்டார்கள். பழைய பெட்ரோல் டியூப் துண்டு ஒன்றை பிளக்கின் தலையில் மாட்டி, கழற்றும் பக்கமாக மெல்லத் திருப்புவார்கள். 'டக்'கென்று மரை மரையில் விழுந்ததும் எதிர்ப்பக்கம் சுற்றுவார்கள். மரை மாறியிருந்தால் பிளக் நின்றுவிடும், டியூப் மட்டும் வழுக்கும். நாலைந்து சுற்று விரல் பலத்திலேயே போனால்தான் ஸ்பேனருக்கு வேலை. நடுவில் பிடித்தால் வெளியே எடுத்து மறுபடி முதலிலிருந்து.

நம்மவருக்கு முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தீங்களா மாப்ளே, எவ்வளவு கிச்சுன்னு உக்காருது!"

ஸ்பேனர் பிடியில் ஒரு குழாயைச் சொருகி நீளமாக்கிக்கொண்டார். 'க்ரீச்' என்றது. எனக்கு வயிற்றுக்குள் கேட்டது. அவர் இன்னும் அரைச் சுற்று வைத்தார்.

சாவியைத் திருப்பினால் 'சுஸ், சுஸ்' என்று காற்று கசிகிறது. பிளக் கோணிக்கொண்டு நிற்கிறது. மெக்கானிக் வந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங்ணா, யாருங்க இதை ஏத்துனது?" மாமா ஓட்டைப் பார்த்தபடி, "முன்னாடி எவனோ கத்துக்குட்டி போட்டிருப்பான் போல" என்றார். இந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நடுராத்திரியில் வண்டி நின்றுபோனாலும் டார்ச்சோடு முதலில் வந்து நிற்கும் மனுஷர்தான், மறுக்கவில்லை. ஆனால் என் ஞாயிறு, என் வண்டி, என் காசு. இதில் இரண்டு முறை காபி வேறு.

மெக்கானிக், மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று புது மரை வெட்ட, அலுமினியத் தூள் சிலிண்டருக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஹெலிகாயில் என்கிற எஃகுக் கம்பிச்சுருளை உள்ளே இறக்கினார். புது பிளக் விரலிலேயே வழுவழுவென்று இறங்கியது. கையைத் துடைத்துக்கொண்டே, "கவலைப்படாதீங்ணா. அலுமினிய மரையை விட இதுதான் பலம்" என்றார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நம்மாலதான் வண்டிக்கு பலம் கூடியிருக்குது. மாப்ளே, மத்த ரெண்டையும் என்ன பண்ணலாம்?"