குக்கர் என்பவர் யார்?

ஆறாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகளின் ஆங்கில நோட்டைப் போன வாரம் புரட்டியதிலிருந்து கட்டுரையாளருக்கு இரத்த அழுத்தம் இறங்கவில்லை. 'சஃபிக்ஸ் சேர்த்து, அந்த வேலையைச் செய்பவரின் பெயரை எழுதுக' என்று கேள்வி. டீச், டீச்சர். டிரைவ், டிரைவர். சிங், சிங்கர். நாலாவது, குக். சமைப்பவருக்கும் ஆங்கிலத்தில் குக் என்றுதான் பெயர் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. குக் என்றே எழுதிவிட்டாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், முத்துமுத்தான கையெழுத்தில், 'சரியான' விடை: குக்கர்.

பள்ளியின் பெயர் வேண்டாம். கட்டணத்தைச் சொன்னாலே ஊரில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உண்மையில் இந்தக் கட்டுரை முன்னொட்டுகளைப் பற்றியது. அன், இன், டிஸ், மிஸ் என்று சொல்லின் தலையில் ஏறி உட்காரும் கூட்டத்தை ஒரே பத்தியில் அடக்கிவிடும் எளிய வழி ஒன்று கட்டுரையாளரிடம் உண்டு. அதற்கு முன் இந்தக் குக்கர் விவகாரத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

இ, ஆர் என்ற அந்த இரண்டெழுத்தை ஆங்கிலம் ஆளுக்கும் ஒட்டும், கருவிக்கும் ஒட்டும். எது ஆள், எது கருவி என்று முன்கூட்டிச் சொல்லாது. பாடம் நடத்துபவர் டீச்சர், அது ஆள். மாவரைப்பது கிரைண்டர், அது கோயம்புத்தூரில் செய்து, புவிசார் குறியீடும் வாங்கிய கல். நாட்டை ஆள்பவர் ரூலர். பென்சில் பெட்டிக்குள் முனை உடைந்து கிடப்பதும் ரூலர்.

சமையலறைக்குள் நுழைந்தால் நிலைமை இன்னும் மோசம். அடுப்பைப் பற்றவைப்பது லைட்டர். தண்ணீரைச் சுடவைப்பது ஹீட்டர். ரொட்டியை வாட்டுவது டோஸ்டர். நம் வீட்டு டம்ளரும் இந்தக் குடும்பம்தான். டம்பிள் என்றால் உருண்டு விழுவது. அந்தக் காலத்தில் அடிப்பகுதி உருண்டையாகவோ கூராகவோ இருந்த குடிகலம் ஒன்று இருந்தது. கீழே வைத்தால் கவிழும். குடித்து முடிக்காமல் வைக்க முடியாது. அதற்கு வைத்த பெயர் டம்ளர். இன்று கும்பகோணம் டிகிரி காபியைச் சுமந்துகொண்டு டபராவுக்குள் ஆடாமல் அசையாமல் நிற்கும் பித்தளைப் பாத்திரத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர், 'விழுபவர்'.

குக்கருக்கு வருவோம். 1679இல் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர், மூடியை இறுக்கி நீராவியின் அழுத்தத்தில் எலும்பையே மெத்தென்று வேகவைக்கும் பாத்திரம் ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் குக்கர் என்று பெயர் வைக்கவில்லை. டைஜஸ்டர் என்று வைத்தார். அதாவது, 'செரிப்பவர்'. 1682இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள் பலருக்கு அதிலேயே சமைத்து விருந்தும் வைத்தார். ஆக, சாப்பாட்டை முதலில் பாத்திரம் செரித்தது, பிறகு விஞ்ஞானிகள் செரித்தார்கள்.

இந்த வரலாற்றைக் கட்டுரையாளர் வீட்டில் உரத்த குரலில் விளக்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "பருப்பைக் களைஞ்சு போட்டு, விசில் எண்ணி, இறக்கி வைக்கிறவ நானு. அப்ப குக்கர் யாருங்க, அதுவா நானா?" கட்டுரையாளர் பதில் சொல்லவில்லை. இரவுச் சாப்பாடு இன்னும் ஆகியிருக்கவில்லை.

கேள்வி நியாயமானதுதான். கருவிகள் ஆட்களின் பெயரைப் பறித்துக்கொண்ட கதை ஆங்கிலத்தில் நிறைய உண்டு. பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் மனிதர். நாசாவுக்கு முன்னோடியான அமைப்பில் 1953இல் சேர்ந்த கேத்தரின் ஜான்சன் பார்த்தது கம்ப்யூட்டர் வேலை. கம்ப்யூட்டரில் வேலை அல்ல, அவரேதான் கம்ப்யூட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டைப்ரைட்டர் என்றால் எந்திரமும்தான், அதன் முன்னால் உட்கார்ந்து தட்டிய பெண்ணும்தான். எந்திரம் வேலையைப் பிடுங்கியதோடு நிற்கவில்லை, விகுதியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டது.

ரப்பர் கதை இதைவிட அநியாயம். பென்சில் கோட்டைத் தேய்த்து அழிக்க ஒரு பிசின் நன்றாக உதவுகிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிவைத்தார். தேய்ப்பதால் அது ரப்பர் ஆயிற்று. பிறகு அந்தப் பிசினுக்கே அதுதான் பெயர் என்றாகி, பால் வடிக்கும் மரமும் ரப்பர் மரமானது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மலையடிவாரமெங்கும் வரிசையாக நிற்பவை, சொல்லின் கணக்குப்படி, அழிப்பான் மரங்கள். குளியலறைக்குப் போட்டுக்கொண்டு போகும் ரப்பர் செருப்பு இதுவரை ஒரு கோட்டையும் அழித்ததில்லை.

சரி, ஆட்கள் எல்லாருக்காவது இந்த விகுதி கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. திருடுபவர் ஸ்டீலர் அல்ல, தீஃப். வழிகாட்டுபவர் வெறும் கைடு. நடிப்பவருக்கு ஓ, ஆர். பொய் சொல்பவருக்கு ஏ, ஆர். ஆலோசனை சொல்லும் அட்வைசருக்கு மட்டும் இ போட்டாலும் சரி, ஓ போட்டாலும் சரி. ஆலோசனை சொல்பவரை எப்படி எழுதினால் யாருக்கு என்ன?

நாமும் யோக்கியம் இல்லை. ஓட்டுநரா ஓட்டுனரா என்று இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறோம்.

முன்னொட்டு. ஆமாம், அதற்குத்தான் வந்தோம். தமிழ்ப் பிள்ளைக்கு இது கொஞ்சம் அந்நியமான சரக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல், பகுதியில் தொடங்கி விகாரம் வரை பகுபத உறுப்புகள் ஆறு என்று சொல்கிறது. சொல்லுக்கு முன்னால் ஒட்டுவதற்கென்று அந்த ஆறில் ஒன்றுகூட இல்லை. வால் நீட்டி வளரும் மொழியில் பிறந்த பிள்ளையிடம், வீட்டுக்கு வரும் விருந்தாளி காபியை உறிஞ்சிக்கொண்டே "பாஸிபிளுக்கு ஆப்போசிட் சொல்லு பார்க்கலாம்" என்பார். இம்பாஸிபிள். லீகலுக்கு? இல்லீகல். ரெகுலருக்கு? இர்ரெகுலர். லத்தீன் இன் என்பது அடுத்து வரும் எழுத்துக்கேற்ப உருமாறுகிறது. பொன்னும் குடமும் பொற்குடமாவதைப் படித்த பிள்ளைக்கு இது பழகிய சங்கதிதான். அந்தத் தைரியத்தில் ரியலுக்கு இர்ரியல் என்று அவள் சொன்னால் விருந்தாளி சிரிப்பார். லாஃபுலுக்கு இல்லாஃபுல் என்றாலும் சிரிப்பார். அவை அன் கட்சிக்குப் போய்விட்டன.

ஃபேமஸ் என்றால் பிரபலம். இன்ஃபேமஸ் என்றால் பிரபலம் இல்லாதவர் அல்ல, கெட்ட பேர் எடுத்தவர். இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்பிடவே முடியாதது. தீப்பற்றுவது ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிளும் அதேதான். அங்கே இருக்கும் இன், 'இல்லை' என்கிற இன் அல்ல. 'உள்ளே' என்கிற வேறு இன். யாராவது தப்பாகப் புரிந்துகொண்டு பக்கத்தில் பீடி பற்றவைத்துவிடப் போகிறார் என்று அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே இன்னை வெட்டிவிட்டு எழுதச் சொன்னது. நம் ஊர் டேங்கர் லாரிகள் இன்னும் வெட்டவில்லை.

டிஸ்கிரன்டில்ட் என்றால் மனக்குறையோடு இருப்பவர். டிஸ்ஸைக் கழற்றினால் மனம் குளிர்ந்தவர் கிடைக்க வேண்டும், ஆனால் அப்படி ஒரு சொல் புழக்கத்தில் இல்லை. 1938இல் பி. ஜி. உட்ஹவுஸ் தன் நாவலில் கிண்டலுக்காகக் கழற்றிக் காட்டினார். உட்ஹவுஸ் செய்தால் நகைச்சுவை, ஆறாம் வகுப்புப் பிள்ளை செய்தால் பெருக்கல் குறி.

பாடப் புத்தகத்தின் முன்னொட்டு, பின்னொட்டு அட்டவணைகள் படிப்பதற்கு நல்லவை. தெரியாத சொல்லை உடைத்துப் பொருளை ஊகிக்க உதவும். புதுச் சொல் செய்ய உதவாது. அதற்கு அகராதிதான் கதி. ஆனால் பெரியவர்கள் நமக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. போஸ்ட்போனுக்கு எதிராக ப்ரீபோன் செய்துகொண்டோம். ஆக்ஸ்போர்டு அகராதி அதை இந்திய ஆங்கிலம் என்று குறித்துச் சேர்த்துக்கொண்டது. சகலையை கோ-பிரதர் ஆக்கினோம், ஓரகத்தியை கோ-சிஸ்டர் ஆக்கினோம். லண்டன்காரருக்கு இரண்டும் விளங்காது. நமக்கு எவரும் சிவப்பு மை போடவில்லை.

ஆகையால் விருந்துக்குப் போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், என்ன வகுப்பு என்று கேளுங்கள், முறுக்கு இருந்தால் ஒன்று எடுத்துக் கொடுங்கள். ஆப்போசிட் வேர்டு மட்டும் கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் ரூத்லெஸ்ஸுக்குச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.