ஒரே நாளில் எல்லா ஸ்டேஷனும்

கேள்வி: ஒரே நாளில் மெட்ரோவின் எல்லா ஸ்டேஷன்களையும் தொட்டு சாதனை படைக்கிறார்களாமே, நான் முயலலாமா? (வாசகர், திருவாலங்காடு)

பதில்: காளியே ஆட்டப் போட்டியில் தோற்ற ஊர்க்காரர் கேட்கிறீர்கள், வேண்டாம் என்பேனா! டில்லி மெட்ரோவின் 286 நிலையங்களை 2021 ஏப்ரலில் ஓர் இளைஞர் 15 மணி 22 நிமிடத்தில் சுற்றி கின்னஸில் ஏறினார். லண்டனில் இந்தப் பைத்தியம் இன்னும் பழசு. விதி எளிது: பஸ் ஏறலாம், ஓடலாம்; சொந்த பைக், ஆட்டோ கூடாது.

நம் சென்னை பாவம், சின்னது. நீலத் தடமும் பச்சைத் தடமும் சென்ட்ரலிலும் ஆலந்தூரிலும் சந்திக்கின்றன. விம்கோ நகர் பணிமனை ஸ்டேஷனில் ஏறி, சென்ட்ரலில் பச்சைக்கு மாறி, கோயம்பேடு வழியாகப் பரங்கிமலை வரை போங்கள். ஒரு ஸ்டேஷன் திரும்பி ஆலந்தூர். அங்கிருந்து விமான நிலையம் போய்வந்து, கிண்டி, சைதாப்பேட்டை, அண்ணா சாலை வழியே அரசினர் தோட்டத்தில் முடித்துவிடலாம். இரண்டாம் முறை போவது பரங்கிமலை, விமான நிலையம் என்ற இரு வால்களில் மட்டுமே. டிக்கெட்டுக்கு நேர வரம்பு உண்டு. நடுவில் வெளியே வந்து மறுபடி டிக்கெட் எடுங்கள், இல்லையேல் அபராதம்.

ஸ்டாப் வாட்சை விம்கோ நகர் பணிமனையில் அழுத்துங்கள். உங்கள் ஊரிலிருந்து வர அரக்கோணம் லோக்கலுக்குக் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தால் டில்லிக்காரர் ஜெயித்துவிடுவார்.