ஏழு மாதம் இளைய தங்கை

அரசாங்கக் காகிதங்களின்படி என் அண்ணனுக்கும் எனக்கும் ஏழு மாதம்தான் வித்தியாசம். அவர் 1964 ஜூன் 1. நான் 1965 ஜனவரி 10. அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நிஜத்தில் அண்ணன் பிறந்தது 1962. டைபாய்டு வந்து படுத்ததில் பள்ளிக்கூடம் சேரத் தாமதமாகிவிட்டது. தலைமையாசிரியர் இரக்கப்பட்டு, போன வயதை எழுத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானோ அண்ணன் போகிற இடத்துக்குத்தான் போவேன் என்று அழுது, ஐந்து வயது நிறைவதற்குள்ளேயே அவர் மேசை முன்னால் போய் நின்றேன். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே நீளக் கை. அந்தக் கைக்குத் தகுந்த மாதிரி ஒரு பிறந்த தேதியை எழுதிக்கொண்டார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல்தான் வந்தது. அதற்கு முந்தின எங்கள் டெல்டா கிராமத்தில் பிறந்த நாள் என்பது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பேனாவிலிருந்து பிறந்ததுதான். வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதக் குழந்தைகள். அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, அண்ணன் அமெரிக்கக் குடிமகன் ஆகும்வரை.

அண்ணன் 1998-ல், ஒய்டூகே அலையில் நியூஜெர்சி போய்ச் சேர்ந்தவர். 2006-ல் குடியுரிமை வாங்கிய கையோடு எனக்காக ஐ-130 என்கிற மனுவைப் போட்டார். 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமக்கள் கூடப்பிறந்தவர்களை அழைத்துக்கொள்ளலாம். அந்த வரிசைக்கு எஃப்-4 என்று பேர். உலகம் பூராவுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 65,000 இடம். குடும்ப வரிசை, வேலை வரிசை எல்லாம் கூட்டிப் பார்த்தால் எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. உள்ளங்கை அகலத் தீவுக்கும் அதே 7, நமக்கும் அதே 7. சமத்துவத்தை இவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மனு அங்கீகரிக்கப்பட்டது என்று ஒருநாள் கடிதம் வந்தது. என் வீட்டுக்காரர் தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா எங்கள் வெண்கலப் பானை மேல் கண் வைத்தார். அங்கீகாரம் என்றால் 'வரிசையில் நிற்கலாம்' என்று அர்த்தம், 'கிளம்பலாம்' என்றல்ல என்பதைப் பிறகுதான் அண்ணன் விளக்கினார். பால்கோவாவைத் திரும்ப வாங்கவா முடியும்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவுமே நிரந்தரமில்லை. இரும்பு கேட் துருப்பிடித்தது. "போகப்போறோம், இப்ப எதுக்கு மாத்தணும்" என்றார் இவர். கிரைண்டர் கல் தேய்ந்து மாவு ரவையாக விழுந்தது. அதற்கும் அதே பதில். வெள்ளையடிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பினோம். அவர் மகன் தொழிலுக்கு வந்து, அவனையும் திருப்பி அனுப்பினோம். எதிர்வீட்டு அக்கா வாரம் தவறாமல் "என்ன டீச்சர், இன்னும் கிளம்பலையா?" என்று கேட்பார். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வி போய், பார்வை மட்டும் நின்றது.

நடுவில் அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. சுற்றுலா விசாவில் போய்வரலாம் என்றால், அங்கேயே குடியேற மனுப் போட்டிருக்கிறவர் திரும்பி வருவார் என்று எதை வைத்து நம்புவது என்று கேட்பார்களாம். நிரந்தரமாக வர ஆசைப்பட்ட குற்றத்துக்காக நாலு நாள் போய்வர முடியாமல் போனது. தாலி கட்டினதை வாட்ஸ்அப்பில் பார்த்தோம். முகூர்த்த நேரத்தில் படம் உறைந்துபோய் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

இவருக்கு மட்டும் பொழுது போயிற்று. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஒன்று வெளியிடுகிறது. எந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று அதில் இருக்கும். இந்தியாவுக்குத் தனிக் கட்டம். இவர் அதைப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் பார்ப்பார். தேதி சில மாதம் ஒரு வாரம் நகரும், சில மாதம் நின்ற இடத்திலேயே நிற்கும். சமயத்தில் பின்னாலும் போகும். "வக்ரம்" என்பார் இவர், சனிப்பெயர்ச்சியில் ஊறியவர். மனசு ரொம்பச் சோர்ந்தால் பக்கத்துக் கட்டத்தைக் காட்டுவார்: "மெக்சிகோக்காரன் இன்னும் 2001-லயே நிக்கிறான் பாரு." பாவம், எங்கள் வீட்டு நிம்மதிக்காக அந்த நாடே காத்திருந்தது.

மனுப் போட்டபோது மகள் எட்டாம் வகுப்பு, மகன் அவனைவிடப் பெரிய புத்தகப்பையோடு ஐந்தாம் வகுப்பு. 21 வயதைத் தாண்டினால் பிள்ளைகள் பெற்றோர் மனுவிலிருந்து கழன்றுவிடுவார்கள். இதற்கும் ஒரு சலுகைச் சட்டம் உண்டு: மனு அலுவலகத்தில் தீர்மானமாகாமல் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்கள் தலைமையாசிரியர் அங்கேயும் வேலை பார்த்திருப்பார் போல. கழித்தும் தேறவில்லை. மகளுக்குக் கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள், மகன் பெங்களூரில்.

இப்போதுதான் எங்கள் தேதி நெருங்கி, காகிதங்களைக் கேட்டிருக்கிறார்கள். அண்ணன் தங்கை என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அண்ணன் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பேரைப் பின்னால் போட்டுக்கொண்டார். என் பேருக்குப் பின்னால் இவர் பேர். அம்மா ஒரு காகிதத்தில் மீனாட்சி, ஒன்றில் மீனாக்ஷி, இறப்புச் சான்றிதழில் மீனாட்சியம்மாள். மூவரும் ஒருவரே என்று ஒரு பத்திரம் எழுதியாயிற்று. பிறப்புப் பதிவு இல்லை என்று பதிவு அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கியாயிற்று. இல்லாத ஒன்றை இல்லை என்று எழுதித்தர அங்கே எடுத்துக்கொண்ட நேரத்தில் இன்னொரு பிள்ளையே பிறந்திருக்கும். அடுத்தது, பிறந்ததை அறிந்த மூத்த உறவினரின் உறுதிமொழி. மிச்சமிருப்பது அத்தை ஒருத்திதான்.

நோட்டரி வக்கீல் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில். அத்தையால் படி ஏற முடியாது. வக்கீலே மைப்பெட்டியும் முத்திரைத்தாளுமாக இறங்கி வந்து, ஆட்டோவுக்குள் குனிந்து கேட்டார்.

"இவங்க எப்பப் பொறந்தாங்க பாட்டி?"

"ஐப்பசி அடைமழை. வாசல்ல முழங்கால் தண்ணி. மருத்துவச்சிய மாட்டுவண்டியில ஏத்திக் கொண்டாந்தோம்."

"சர்ட்டிபிகேட்ல ஜனவரின்னு இருக்கே?"

"தையில ஏதுய்யா அடைமழை? அறுப்புல்ல நடக்கும்?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் ஆட்டோ மீட்டரைப் பார்த்தேன். அது ஓடவில்லை. கடைசியில் அத்தையே தீர்ப்புச் சொன்னாள்: "இவ எங்க அண்ணன் மவ. அவன் எங்க அண்ணன் மவன். ரெண்டு பேருக்கும் ஆத்தா ஒருத்திதான். இது சத்தியம். தேதிய அமெரிக்காக்காரன் வேணும்னா பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டுக்கட்டும்."

வக்கீல் அதை இங்கிலீஷில் அப்படியே எழுதி, 'பள்ளிச் சான்றிதழின்படி' என்று தேதியைத் தனியாகப் போட்டார். அத்தை விரலைப் பதித்துவிட்டு, மிச்ச மையை என் புடவைத் தலைப்பில் துடைத்தாள். இதுவும் போதாது என்றால் டி.என்.ஏ. பரிசோதனை கேட்பார்களாம், நம் செலவில். நேர்காணல் மும்பையில். சென்னையில் குடியேற்ற விசா தருவதில்லை.

போன வாரம் அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, சீக்கிரம் வந்து சேரு. நாங்க கோயம்புத்தூர்ல பெரியவங்களுக்குன்னு கட்டுற குடியிருப்புல ஒரு வீடு பேசி வெச்சிருக்கோம்."

"வீடா? அங்க எதுக்கு?"

"ரிட்டயர் ஆயிட்டேன்ல. இந்தக் குளிர் முட்டிக்கு ஒத்துக்கல. ஆனா உனக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுறவன் அமெரிக்காவுல குடியிருக்கணும்னு சட்டம். நீ வந்து இறங்குற வரைக்கும் நான் இங்கேயே உக்காந்திருக்கணும்."

"சரி, நான் வந்தப்புறம்?"

"நீ வந்தப்புறம் நாங்க கெளம்பிடுவோம்ல."

பின்னாலிருந்து அண்ணி குரல் கொடுத்தார்: "குளிருக்குன்னு ஒண்ணும் வாங்கிடாதீங்க. எங்க கோட்டெல்லாம் உங்களுக்கே விட்டுட்டுப் போறோம்."

இவர் என் தோளைத் தட்டினார். "அளவு என்னன்னு கேளு."