விளக்கு அணைந்தால் சரி

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் ஃபோர்மேனாக இருக்கும் அண்ணாச்சிகளில் ஒரு ரகம் உண்டு. ஆலைக்குள் அவரைப் போலக் கறார் பேர்வழி கிடையாது. செல்போனும் தீப்பெட்டியும் வாசலைத் தாண்டாது. அறையில் நாலு பேருக்கு மேல் ஒரு தலை தெரிந்தாலும் சத்தம்தான். மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். உள்ளே போகிறவர் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். "ஒரு பொறி போதும்ப்பா" என்பார், நாளெல்லாம்.

சாயங்காலம் கேட்டைத் தாண்டிக் காரில் ஏறியதும் ஆளே வேறு.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். லாடம் மாதிரி ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று வண்டி சொல்கிறது. அண்ணாச்சி கீழே இறங்கமாட்டார். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடிப்பார். விளக்கு அணையும். "சரியாப் போச்சு" என்று கியரைப் போடுவார்.

அவர் வண்டியில் டயருக்குள் அளவுமானி எதுவும் கிடையாது. காற்று குறைந்த சக்கரம் கொஞ்சம் சிறுத்து, மற்றதைவிட வேகமாகச் சுற்றும். பிரேக்குக்கான ஏபிஎஸ் அந்தச் சுற்றை எண்ணிக் கண்டுபிடிக்கிறது. ரீசெட் என்றால், 'இப்போது இருப்பதுதான் சரியான காற்று, மனதில் வைத்துக்கொள்' என்று வண்டிக்குச் சொல்வது. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நாலு டயரிலும் காற்று பிடித்துவிட்டுச் செய்ய வேண்டியது அது. அண்ணாச்சி முதல் பாதியை விட்டுவிட்டார். டயரில் இருந்த 26 பிஎஸ்ஐ காற்றை ஸ்டிக்கரில் உள்ள 33 என்று வண்டியும் நம்பிவிட்டது, விசுவாசமான வண்டி. மச்சானின் புது வண்டியில் ஒவ்வொரு டயருக்குள்ளும் சென்சார் இருக்கிறது, எண்ணையே காட்டும், ஏமாற்ற முடியாது. "அது சும்மா பயங்காட்டுற வண்டி" என்பது அண்ணாச்சியின் தீர்ப்பு.

அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் உருண்டு, நிறையப் பேர் செத்த பிறகுதான் 2000-இல் சட்டம் போட்டு இந்த விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். குறித்த அளவில் கால்வாசி குறைந்துவிட்டால் எரிய வேண்டும் என்பது அங்கே விதி. அதாவது 33 போட வேண்டிய டயர் 25-க்கு இறங்கும்வரை விளக்கு வாயைத் திறக்காமலே இருக்கலாம். அப்படிப் பொறுத்திருந்து பேசுகிற விளக்கையும் அண்ணாச்சி பேசவிடுவதில்லை.

காற்றே பிடிக்காதவர் என்றும் சொல்ல முடியாது. சித்திரை வெயிலில், உச்சி நேரத்தில், சாத்தூர் போய்த் திரும்புகிற வழியில் பஞ்சர் கடையில் நிறுத்துவார்.

"அண்ணாச்சி, 37 காட்டுது. வண்டி ஓடி வந்த சூடு, அப்படித்தான் இருக்கும். காலையில ஓட்டுறதுக்கு முன்னால பாத்துக்கிடலாம்."

"டேய் தம்பி, சூட்டைப் பத்தி எனக்கே சொல்றியா? 33-க்கு இறக்கு."

இறக்கினால், மறுநாள் விடியற்காலையில் 29 இருக்கும். பத்து டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட இரண்டு குறையும். தானாகவும் மாதம் ஒன்று கசியும். ஐப்பசி மழை பிடிக்கும்போது மஞ்சள் விளக்கு வந்து நிற்கும். அண்ணாச்சியின் விரலும் பட்டனுக்குப் போகும்.

நடுவில் யாரோ சொன்னார்கள் என்று நைட்ரஜன் அடித்துப் பச்சை மூடி போட்டுக்கொண்டார். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு அந்தப் பச்சை மூடி தாயத்து. கட்டிய பிறகு டயர்ப் பக்கமே குனியவில்லை.

ஓரம் இரண்டும் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்த முன்பக்க டயர், தீபாவளி நெருக்கத்தில் சிவகாசி ரோட்டில் படுத்துவிட்டது. போன் போட்டதும் அதே பஞ்சர் கடைத் தம்பி பைக்கில் வந்தான். ஜாக்கி வைத்தான், டிக்கியைத் திறந்தான், ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுலயும் காத்து இல்லையே?"

"அதுக்குத்தான் விளக்கே வைக்கலையேப்பா, எனக்கு எப்படித் தெரியும்?"